நடுவர் ஆவுடையப்பனின் முதல் தீர்ப்பு

2022 செப்டம்பர் 11, ஞாயிற்றுக்கிழமை, மாலை ஐந்தே முக்கால் மணி. கோவில்பட்டியில் ஒரு பள்ளி மைதானத்தில் போட்டிருந்த முந்நூறு நாற்காலிகளும் நிறைந்துவிட்டன. நடுவர் ஆவுடையப்பன் மட்டும் மேடைக்கு வராமல், வாசலில் கடலை வண்டிக்குப் பக்கத்தில் நின்று வியர்த்துக்கொண்டிருந்தார்.

துணைத் தாசில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். உத்தியோகத்தில் இருந்த காலமெல்லாம் கையெழுத்தாலேயே பேசியவர். ஓய்வுக்குப் பிறகு வாயாலும் பேசிப் பார்க்கலாம் என்று ஆசை வந்து, மரியசெல்வியின் சனிக்கிழமை வகுப்பில் சேர்ந்தார்.

மரியசெல்விக்கு முப்பத்தாறு வயது. அந்தப் பக்கத்தில் பேர் பெற்ற பட்டிமன்ற நடுவர். ஜெராக்ஸ் கடை மாடியில் பேச்சுப் பயிற்சி கொடுத்தார். அவர் இவரை அண்ணாச்சி என்பார். இவர் அவரை டீச்சர் என்பார். யார் குரு, யார் சீடர் என்பதில் இருவருக்கும் குழப்பம் இருந்ததில்லை.

மேடையில் கட்டிய பேனரில் அன்றைய தலைப்பு இருந்தது: ‘எரிகல் சிரிப்பு மூட்டியது இரக்கத்தாலா? இளக்காரத்தாலா?’

விஷயம் இதுதான். தமிழில் டப்பிங் செய்து வந்த ஒரு சூப்பர் ஹீரோ படம். அதுவரை தனித்தனிப் படங்களில் உலகத்தைக் காப்பாற்றி வந்த இரண்டு வீரர்கள் அதில் முதன்முறையாகச் சேர்ந்தார்கள். ஒருவன் நிழல்பருந்து. முகமூடி போட்டவன், பேச மாட்டான், சிரிக்க மாட்டான், எந்த ஊருக்குப் போனாலும் மழையில்தான் நிற்பான். இன்னொருவன் எரிகல். பறந்துகொண்டே கடி ஜோக் அடிப்பவன்.

படத்தின் கடைசிப் பகுதியில் நிழல்பருந்தை வளர்த்த கிழவர் இடிபாட்டில் சிக்கிச் சாகிறார். பருந்து மழையில் உட்கார்ந்திருக்கிறான். ஊர் எரிகிறது. எரிகல் வந்து பக்கத்தில் உட்காருகிறான். கேட்கிறான்:

“உடுப்பெல்லாம் நனைஞ்சிருச்சே. காயப்போட வீட்ல கொடி இருக்கா?”

தியேட்டர் அதிர்ந்தது. பருந்து எழுந்தான், நடந்தான். அடுத்த அரை மணி நேரம் இருவரும் சேர்ந்து சண்டை போட்டு உலகத்தைக் காப்பாற்றினார்கள்.

உலகம் தப்பியது. கோவில்பட்டி தப்பவில்லை.

ஊரில் இரண்டு வீரர்களுக்கும் சேர்த்து ஒரே ரசிகர் மன்றம் இருந்தது. நடத்தியவர்கள் அழகுராஜாவும் ஜெபஸ்டினும். ஆறாம் வகுப்பிலிருந்து ஒன்றாக இருப்பவர்கள். பஸ் நிலையத்துக்கு எதிரே ‘நண்பர்கள் ஜூஸ் சென்டர்’ வைத்திருந்தார்கள். அழகுராஜா பருந்துக் கட்சி, ஜெபஸ்டின் எரிகல் கட்சி. முதல் காட்சி முடிந்து படி இறங்கும்போதே ஆரம்பித்தது.

“எழவு வீட்ல வந்து துணி காயப்போடுறதப் பத்திக் கேக்கான். இவனெல்லாம் ஒரு ஹீரோவாடா?”

“அவன் கேக்கலன்னா ஒங்காளு இன்னும் மழையிலதாம்ல ஒக்காந்திருப்பான். சளி பிடிச்சுச் செத்திருப்பான்.”

வாரக் கணக்கில் சண்டை ஓடியது. ஒருவன் பழம் நறுக்கினால் இன்னொருவன் மிக்சியைப் போட மாட்டான். கடைசியில் பட்டிமன்றம் வைத்துத் தீர்ப்பு வாங்குவது, தோற்றவன் மன்றத்தை விட்டு விலகுவது என்று எல்லோர் முன்னாலும் சத்தியம் செய்தார்கள். மன்றத்தை விட்டுப் போகிறவன் கடையிலும் நிற்க மாட்டான் என்பது ஊருக்கே தெரியும். ஆவுடையப்பனுக்கு இன்னும் நன்றாகத் தெரியும். தினமும் பதினோரு மணிக்கு அங்கேதான் எலுமிச்சை ஜூஸ் குடிப்பார்.

நடுவராக இருக்க மரியசெல்வியைத்தான் கேட்டார்கள். அவர் ஆவுடையப்பனைக் கை காட்டினார்.

முந்தைய நாள் வகுப்பு முடிந்ததும் ஆவுடையப்பன் தயங்கி நின்றார்.

“டீச்சர், என்னை எதுக்குச் சொன்னீங்க?”

“படம் பாத்துட்டீங்களா அண்ணாச்சி?”

“மூணு தடவை. நீங்க?”

“நான் பாக்கல. நீங்க யார் பக்கம்?”

“நடுவருக்கு ஏது டீச்சர் பக்கம்?”

மரியசெல்வி கரும்பலகையைத் துடைத்தார். துடைத்து முடிவதற்குள் ஆவுடையப்பன் ஒப்புக்கொண்டார்.

“இளக்காரந்தான் டீச்சர். சந்தேகமே இல்ல. ஒருத்தன் அப்பா மாதிரி ஒருத்தரப் பறிகொடுத்துட்டு உட்கார்ந்திருக்கான். அந்த இடத்துல என்ன சிரிப்பு? நான் சர்வீஸ்ல ஒரு நாள் ஆபீஸ்ல சிரிச்சதில்ல.”

“கேள்விப்பட்டிருக்கேன்” என்றார் மரியசெல்வி.

“இப்ப ஒரு பையன் பிழைப்பு போகப் போகுது. நடுவர் எப்படித் தீர்ப்புக்கு வரணும்? அதை மட்டும் சொல்லிக்கொடுங்க.”

“நாளைக்கு வாசல்ல நில்லுங்க. சொல்றேன்.”

அதனால்தான் வாசலில் நின்றார். மேடையிலிருந்து மைக்கில் கூப்பிட்டார்கள், “நடுவர் அவர்கள் எங்கிருந்தாலும் மேடைக்கு வரவும்.” அந்த நேரத்தில் மரியசெல்வி ஸ்கூட்டியை நிறுத்திவிட்டு நிதானமாக வந்தார்.

“தீர்ப்பு தயாரா அண்ணாச்சி?”

ஆவுடையப்பன் சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த தாள்களை எடுத்தார். நேற்று வீட்டுக்குப் போனதும் எழுதி, மனைவிக்கு வாசித்துக் காட்டி, இரண்டு இடத்தில் அடித்துத் திருத்தியது. ‘இரு தரப்பு வாதங்களையும் கவனமாகப் பரிசீலித்ததில்’ என்று தொடங்கியது.

மரியசெல்வி வாங்கினார். முதல் வரியைப் படித்தார். தாளைச் சுருட்டிக் கூம்பாக்கிக் கடலைக்காரரிடம் நீட்டினார்.

“அண்ணே, இதுல ஒரு இருபது ரூபாய்க்குப் போடுங்க. சூடா.”

“டீச்சர்!”

“ரெண்டு தாளா இருந்தது நல்லதாப் போச்சு. ஒண்ணுன்னா கிழிஞ்சிரும். போங்க அண்ணாச்சி, கூப்பிடுறாங்க.”

ஆவுடையப்பன் வெறும் கையோடு மேடை ஏறினார். முன் வரிசையில் மரியசெல்வி உட்கார்ந்து கடலையை உரிக்க ஆரம்பித்தது தெரிந்தது. அவருடைய தீர்ப்பு மெல்ல மெல்லக் காலியாகிக்கொண்டிருந்தது.

ஒரு பேச்சாளருக்கு ஆறு நிமிடம். முடிந்ததும் நடுவர் மணியைத் தட்டுவார். மேஜையில் இருந்த ஒரே பொருள் அந்த மணிதான். அவர் அதையே பிடித்துக்கொண்டார்.

எரிகல் அணியிலிருந்து ஒரு மெடிக்கல் ரெப் பேசினார். சிரிப்பு எத்தனை நோய்க்கு மருந்து என்று சொல்லி, நடுவில் தன் கம்பெனி டானிக்கையும் சொன்னார். மணி அடித்தது. பருந்து அணியிலிருந்து நர்மதா என்ற கல்லூரி மாணவி எழுந்தாள்.

“நடுவர் அவர்களே, எரிகல் கொடி இருக்கான்னு கேட்டானே, கயிறு வாங்கிக் கொடுத்தானா? கிளிப் வாங்கிக் கொடுத்தானா? வெறுங்கேள்விக்குப் பேரு இரக்கமா?”

கைதட்டல் அடங்க நேரமானது. ஆவுடையப்பனும் தலையாட்டிவிட்டார். நடுவர் தலையாட்டக் கூடாது என்று நினைவு வந்து பாதியில் நிறுத்தினார்.

பிறகு அழகுராஜா வந்தான். தாடி வைத்து, கறுப்புச் சட்டை போட்டு, பருந்து மாதிரியே முறைத்தபடி மைக்கைப் பிடித்தான். நன்றாகத்தான் பேசினான். ஐந்தாவது நிமிடத்தில் கோபம் வந்துவிட்டது.

“நடுவர் அவர்களே, எரிகல்லை ஏன் இவனுக்குப் பிடிக்குதுன்னு எனக்குத் தெரியும். இவனும் அதே ரகந்தான்! போன வருசம் எங்கய்யா செத்தாக. எடுத்துட்டாங்க. கூட்டமெல்லாம் போயிருச்சு. நான் வாசல்ல கல்லு மேல ஒக்காந்திருக்கேன். இந்தா இருக்கானே ஜெபஸ்டின், இவன் பக்கத்துல வந்து ஒக்காந்தான். ஆறுதல் சொல்லப் போறான்னு நெனச்சேன். என்ன கேட்டான் தெரியுமா?”

மைக்கை இன்னும் கிட்டே இழுத்தான்.

“‘மாப்ளே, சங்கு ஊதுனாருல்ல, அவர் மூச்சு விட்டாராடா? நான் தெரு முக்கு வரைக்கும் பாத்துக்கிட்டே வந்தேன், விடவே இல்ல’ன்னு கேட்டான்!”

முந்நூறு பேரும் சிரித்தார்கள். அழகுராஜா கையை நீட்டி ஜெபஸ்டினைக் காட்டினான்.

“இது இளக்காரம் இல்லாம வேற என்ன?”

ஆறு நிமிடம் முடிந்திருந்தது. ஆவுடையப்பன் மணிக்கு மேலே கையைக் கொண்டுபோனார். பையில் தாள் இருந்திருந்தால் தட்டியிருப்பார். அவருடைய தரப்புக்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது. ஆனால் தாள் இல்லை. அதனால் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும் போல இருந்தது.

“அதுக்கப்புறம் நீங்க என்ன செஞ்சீங்க தம்பி?”

அழகுராஜா இந்தக் கேள்வியை எதிர்பார்க்கவில்லை. மைக்கைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்தான்.

“சிரிச்சேன்.”

“அப்புறம்?”

“நிறுத்த முடியல. சித்தப்பாவெல்லாம் வந்து பாத்தாக. எனக்கு என்னமோ ஆயிருச்சுன்னு நெனச்சுட்டாக.”

“அப்புறம்?”

“எந்திரிச்சு உள்ள போய்ச் சோறு தின்னேன்.” அழகுராஜா குரல் இறங்கிவிட்டது. “ரெண்டு நாளாத் திங்கல.”

கடலை உரிக்கும் சத்தம்கூட நின்றது. நர்மதாதான் பெஞ்சிலிருந்து பதறி எழுந்தாள்.

“அண்ணே, நீங்க நம்ம அணி!”

கூரை போட்ட இடமாக இருந்திருந்தால் சிரிப்பு கூரையைத் தூக்கியிருக்கும். அழகுராஜா தன் வாயைத் தானே பொத்திக்கொண்டு போய் உட்கார்ந்தான். எரிகல் அணி விசில் அடித்தது. வெற்றி அவர்கள் மடியில் வந்து விழுந்துவிட்டது. ஜெபஸ்டின் எழுந்து வந்து அதை எடுத்துக்கொள்ள வேண்டியதுதான் பாக்கி.

ஜெபஸ்டின் வந்தான். மைக் முன்னால் நின்றான். எழுதி வைத்திருந்ததை மறந்துவிட்டான் போலிருந்தது. நண்பனையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“ரெண்டு நாளாச் சாப்பிடலயாடா? எங்கிட்ட சொல்லவே இல்லியே.”

“பேசுலே” என்றான் அழகுராஜா உட்கார்ந்த இடத்திலிருந்து.

ஜெபஸ்டின் நடுவர் பக்கம் திரும்பினான்.

“ஐயா, பொய் சொல்லி ஜெயிக்கக் கூடாது. நான் இரக்கப்பட்டெல்லாம் கேக்கல. அந்த நேரத்துல இவனுக்கு ஆறுதல் சொல்லணும்னு எனக்குத் தோணவே இல்ல. இளக்காரமும் இல்ல. நெசமாவே சந்தேகம். இன்னும் எனக்கு வெளங்கல. எப்படிங்கய்யா மூச்சு விடாம ஊத முடியும்?”

ஆவுடையப்பன் நடுவருக்குரிய முகத்தோடு மைக்கை இழுத்தார். ‘அமைதி’ என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார். சிரிப்பு வந்துவிட்டது. முதலில் தோள் குலுங்கியது. பிறகு வயிறு. மைக்கை அணைக்கத் தெரியவில்லை. துணைத் தாசில்தார் ஆவுடையப்பனின் சிரிப்பு ஒலிபெருக்கி வழியாகப் பஸ் நிலையம் வரைக்கும் கேட்டது. கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியால் கண்ணைத் துடைத்தார். துடைக்கத் துடைக்க வந்துகொண்டே இருந்தது. முன் வரிசையில் அவர் மனைவி, இது தன் கணவர்தானா என்று பக்கத்து நாற்காலியில் விசாரித்துக்கொண்டிருந்தார்.

அடங்கியதும் எழுந்து நின்றார். எல்லோரும் தீர்ப்புக்குக் காத்திருந்தார்கள். அழகுராஜாவும் ஜெபஸ்டினும் தரையைப் பார்த்தார்கள்.

“இந்த வழக்குல” என்றார் ஆவுடையப்பன். தொண்டையைச் செருமினார். “இந்த வழக்குல வாதியும் பிரதிவாதியும் அவங்கவங்க தரப்புக்கு எதிராவே சாட்சி சொல்லியிருக்காங்க. இப்படி ஒண்ணை நான் சர்வீஸ்ல பாத்ததில்ல. படத்துக்கு ரெண்டாம் பாகம் வருதுன்னு சொல்றாங்க. எரிகல் மனசுல என்ன இருந்ததுன்னு அதுலயாவது தெரியுதான்னு பாப்போம். அதுவரைக்கும் விசாரணை ஒத்திவைக்கப்படுகிறது.”

மைதானம் எழுந்து கைதட்டியது. அவர் கையைத் தூக்கினார்.

“நிபந்தனை ஒண்ணு இருக்கு. தீர்ப்பு வர்ற வரைக்கும் ரெண்டு பேரும் ஊரை விட்டுப் போகக் கூடாது. தினமும் பகல் பதினோரு மணிக்கு ஜூஸ் கடையில நேர்ல ஆஜராகணும். நான் வந்து சரிபார்ப்பேன்.”

மணியைத் தட்டினார்.

கூட்டம் கலைந்து, நாற்காலிகளை அடுக்க ஆரம்பித்த பிறகு ஆவுடையப்பன் மேடையை விட்டு இறங்கி வந்தார். அழகுராஜாவும் ஜெபஸ்டினும் பேனரை ஆளுக்கொரு முனையில் பிடித்து அவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். முடிச்சு யார் போட்டது என்று அதற்கும் ஒரு சண்டை நடந்தது.

மரியசெல்வி ஸ்கூட்டியில் சாவியைப் போட்டிருந்தார்.

“டீச்சர், தீர்ப்பு சொல்லாம இறங்கிட்டேன். நடுவர் அப்படிச் செய்யலாமா?”

“கைதட்டுனாங்களே.”

“அது இருக்கட்டும். நீங்க சொல்லுங்க. அந்த எரிகல் எதுக்குத்தான் அப்படிக் கேட்டான்?”

“நான்தான் படமே பாக்கலையே அண்ணாச்சி.”

“படத்தை விடுங்க. இவ்வளவு நேரம் கேட்டீங்கல்ல. அவன் மனசுல இருந்தது என்ன?”

மரியசெல்வி வண்டியைக் கிளப்பினார். கிளப்பிவிட்டு அவரைத் திரும்பிப் பார்த்தார்.

“மேடையில அவ்வளவு நேரம் சிரிச்சீங்களே அண்ணாச்சி, அது எதனால?”

ஆவுடையப்பன் பதிலைத் தேடுவதுபோலக் காலியான சட்டைப் பையைத் தடவிப் பார்த்தார்.

2024 ஜூன் 14, வெள்ளிக்கிழமை, இரண்டாம் பாகம் வெளியானது. நண்பர்கள் ஜூஸ் சென்டர் அன்று முதல் காட்சி முடிந்த பிறகு, பகல் இரண்டு மணிக்கு மேல்தான் திறந்தது.