வேலாயி வாங்கிய நாற்பது பாகம் கயிறு

அலையாத்திக் காட்டு முள்ளம்பன்றி வேலாயி, சொந்தமாக ஒரு மீன்பிடி படகு செய்து முடித்தாள்.

செய்து முடித்தாள் என்று சும்மா சொல்லிவிட்டுப் போக முடியாது. கரையில் சாய்ந்து கிடந்த பூவரச மரத்தைத் தன் பல்லாலேயே கொறித்தாள். இரண்டு மழைக்காலம், ஒரு வெயில்காலம் முழுக்கக் கொறித்தாள். வழவழவென்று ஒரு படகைக் குடைந்து எடுத்துவிட்டாள்! அதைப் பார்க்கும்போதெல்லாம் பெருமையில் அவள் முதுகு முள் அத்தனையும் நிமிர்ந்து நிற்கும். பக்கத்தில் நிற்பவர்கள் நாலடி தள்ளி நிற்பது நல்லது.

"கிழங்கு தின்கிற வாய்க்கு மீன்பிடி படகு எதுக்குக்கா?" என்று கேட்டது அணில்.

"மீனைத் தின்ன இல்லடா, பிடிக்க! தூண்டில் போடணும், சுண்டி இழுக்கணும், ஆகா எம்மாம் பெருசுன்னு பார்க்கணும், திரும்பத் தண்ணியில விட்டுடணும். அந்தச் சுகம் உனக்கு எங்கே தெரியப்போகுது!"

காட்டை ஒட்டி ஓர் உப்பங்கழி ஓடியது. கழி கடலில் போய் விழும் முகத்துவாரத்தில் பாறையும் சுழலும் இருந்தன. அங்கே இழுபட்டுப் போன படகு எதுவும் திரும்பி வந்ததில்லை. அதனால் கழிக்கரையில் ஒரு வழக்கம் உண்டு. புதுப் படகு செய்தவர்கள் ஆவணிப் பௌர்ணமியன்று பகலில் 'நின்று காட்ட' வேண்டும். நடுப்பள்ளத்தில் நங்கூரம் போட்டு, தண்ணீர் ஏறி, பிறகு வடிந்து முடியும்வரை இருந்த இடத்திலேயே இருக்க வேண்டும். நின்றுவிட்டால் படகுக்குச் செம்பருத்தி மாலை. நகர்ந்துவிட்டால் படகைக் கரையில் கவிழ்த்துப் போட்டுவிட வேண்டியதுதான். பிறகு அதன் மேல் காக்கை கருவாடு காயப் போடும்.

ஒன்றரை வருஷத்து உழைப்பின் மேல் கருவாடா!

அந்த வருஷம் நரி சிங்காரமும் புதுப் படகு விட்டிருந்தார். பெரிய படகு. பெருச்சாளி கடையில் நங்கூரத்துக்கு ஒரு சங்கிலி வாங்கி, படகின் மூக்கில் தொங்கவிட்டிருந்தார். வெயில் பட்டால் கண் கூசும்.

"கயிறெல்லாம் ஏழைபாழைங்களுக்கு, தங்கச்சி! நம்மளுது முழுச் சங்கிலி!" என்றார் அவர்.

வேலாயிக்குச் சுருக்கென்றது. நேராகப் பெருச்சாளி கடைக்குப் போனாள்.

"சிங்காரம் அண்ணன் வாங்கினாரே, அதைவிடத் தடியா ஒரு சங்கிலி கொடு!"

"உன் படகு தாங்காதே தாயி!"

"என் படகைப் பத்தி எனக்குத் தெரியும். நீ கொடு!"

முக்கி முனகிச் சுமந்து வந்து, படகின் முன்பக்கத்தில் போட்டாள். போட்டதுதான் தாமதம், படகு மூக்கைத் தண்ணீரில் நுழைத்தது. பின்பக்கம் வானத்தைப் பார்த்தது. கரையில் இருந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சிங்காரம் சிரித்ததுதான் எல்லாவற்றிலும் சத்தமாகக் கேட்டது.

வேலாயி சங்கிலியை இழுத்துக் கரையில் போட்டுவிட்டு உட்கார்ந்தாள். ஒரு முள்கூட நிமிரவில்லை.

"அக்கா, நங்கூரத்தைப் பத்தி நான் ஒண்ணு சொல்லலாமா?"

ஈர மணலிலிருந்து தலையை நீட்டினாள் நண்டு பொன்னி. கழியின் அடியில் குடியிருப்பவள்.

நேராக நடக்கவே தெரியாதவள் எனக்குச் சொல்ல வந்துவிட்டாளா என்று வேலாயியின் நாக்கு நுனிவரை வந்தது. கடித்து விழுங்கிக்கொண்டாள்.

"நங்கூரத்தைப் பத்தி உனக்கு என்ன தெரியும், பொன்னி?"

"நல்லாருக்கே! நீங்க எல்லாரும் மேலேயிருந்து தூக்கிப் போடுறதோட சரி. கீழே வந்து அது என்ன பண்ணுதுன்னு பார்க்கிறது யாரு? நான்தானே! பாதி நங்கூரம் என் வீட்டுக் கூரையைப் பிச்சுக்கிட்டுப் போகுது!"

இது வேலாயிக்கு இதுவரை தோன்றவே இல்லை. அவளுக்கு என்ன, கழிக்கரையில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

பொன்னி ஒரு கொடுக்கை மணலில் ஊன்றினாள். "இப்ப என்னை மேலே தூக்குங்க."

வேலாயி தூக்கினாள். கொடுக்கு பொசுக்கென்று வந்துவிட்டது.

பொன்னி மறுபடியும் ஊன்றினாள். "இப்ப தரையோட தரையா, பக்கவாட்டில இழுங்க."

வேலாயி இழுத்தாள். கொடுக்கு இன்னும் ஆழமாகப் புதைந்தது. மூச்சைப் பிடித்து இழுத்தும் நண்டு அசையவில்லை!

"பார்த்தீங்களா? நங்கூரமும் இப்படித்தான். மேலே இழுத்தா பிடுங்கிக்கும், படுக்க வச்சு இழுத்தா பிடிச்சுக்கும். பள்ளம் நாலு பாகம் ஆழம்னா, ஏழு மடங்கு கயிறு விடணும். காத்து ஓங்குச்சுன்னா இன்னும் விடணும். நாற்பது பாகமா வாங்கிக்குங்க."

ஒரு பாகம் என்றால் இரண்டு கையையும் விரித்த நீளம். நாற்பதா என்று வேலாயிக்குத் தலை சுற்றியது.

"அப்போ சங்கிலியே வேண்டாமா?"

"கொஞ்சம் வேணும். நங்கூரத்துப் பக்கம் மட்டும், உங்க படகு நீளத்துக்கு. அது கனத்தில தரையில படுத்துக்கும். கல்லுல, சிப்பியில உரசினாலும் அறாது. அதுக்கு மேலே நைலான் கயிறு. அலை உதறுற உதறலை அதுதான் இழுபட்டு வாங்கிக்கும்."

வேலாயி மறுபடி கடைக்குப் போனாள். தடிச் சங்கிலியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, மெல்லிய சங்கிலியில் ஒரு துண்டு கேட்டாள். பெருச்சாளி பளபளக்கும் மஞ்சள் கயிற்றை எடுத்துப் போட்டான். அவள் அதன் நுனியை வாளித் தண்ணீரில் விட்டாள். மிதந்தது!

"இது வேண்டாம். மேலே மிதந்தா வர்றவன் போறவன் துடுப்பெல்லாம் மாட்டும்."

வெள்ளை நைலான் கயிறு முங்கியது. ஒரு முனையைப் பெருச்சாளி பிடிக்க, மறுமுனையை அவள் இழுத்துப் பார்த்தாள். கயிறு நீண்டு, விட்டதும் சுருங்கியது. பிடிக்கக் கைக்கு அடக்கமாகவும் இருந்தது. "இதில் நாற்பது பாகம்!" என்றாள். நுனியில் கண்ணி முடிந்து, உரசாமல் இருக்க உள்ளே ஒரு இரும்பு வளையம் வைத்து, அதில் சங்கிலியைக் கோத்தாள். சங்கிலியின் மறுமுனையில் நங்கூரத்தைப் பூட்டினாள்.

பௌர்ணமி அன்று கழிக்கரையே திரண்டு வந்தது. வேலாயியின் படகில் பாதி இடத்தைக் கயிறே அடைத்துக்கொண்டிருந்தது.

"நாலு பாகப் பள்ளத்துக்கு நாற்பது பாகம் கயிறா! ஊஞ்சல் கட்டப் போறியா தங்கச்சி?" என்றார் சிங்காரம். எல்லாரும் சிரித்தார்கள்.

"கொஞ்சம் நீளம்தாண்ணே" என்றாள் வேலாயி. தலையை மட்டும் குனியவில்லை.

இருவரும் நங்கூரம் போட்டார்கள். சிங்காரத்தின் சங்கிலி கனம் அதிகம், நீளம் ஐந்தே பாகம். செங்குத்தாக இறங்கியது. வேலாயி இருபத்தெட்டு பாகம் விட்டு, முன்கட்டையில் இறுகக் கட்டினாள். பிறகு கரையைப் பார்த்தாள். முன்னால் ஒரு தில்லை மரம், பின்னால் ஒரு பனை. இரண்டும் ஒரே நேர்கோட்டில் தெரிந்தன. அவை விலகினால் படகு நகர்கிறது என்று அர்த்தம்.

தண்ணீர் ஏறும்வரை ஒரு குறையும் இல்லை. அவள் தூண்டில் போட்டு இரண்டு மடவை மீன் பிடித்து, அழகு பார்த்து விட்டுவிட்டாள்.

தண்ணீர் வடியத் தொடங்கியதும் கரைக்காற்றும் சேர்ந்துகொண்டது. கழி முழுக்க முகத்துவாரத்தை நோக்கி ஓடியது. சிங்காரத்தின் படகு ஒவ்வொரு அலைக்கும் சங்கிலியை வெடுக் வெடுக்கென்று மேலே பிடுங்கியது. நாலாவது பிடுங்கலில் நங்கூரம் எழும்பிவிட்டது!

"ஐயோ! போறேனே! வேலாயி! தங்கச்சி!"

பெரிய படகு அவளைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. வேலாயியின் கையில் பன்னிரண்டு பாகம் கயிறு மிச்சம் இருந்தது. அதை வீசினால் ஒரே நங்கூரத்தில் இரண்டு படகு. தாங்காவிட்டால் மாலையும் போச்சு, படகும் போச்சு. இரண்டு பேரும் பாறைக்குத்தான்!

ஆனால் கண்ணெதிரே ஒருவர் போகும்போது கயிற்றைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார அவளால் முடியவில்லை.

"பிடிங்கண்ணே! முன்கட்டையில கட்டுங்க!"

கயிற்றை வீசினாள். சிங்காரம் பாய்ந்து பிடித்துக் கட்டினார். நைலான் கயிறு இழுபட்டது. இன்னும் இழுபட்டது. அதிலிருந்து தண்ணீர் பிழிந்து சொட்டியது. வேலாயி தில்லை மரத்தைப் பார்த்தாள். பனையைப் பார்த்தாள்.

விலகவில்லை! ஒரு மயிரிழைகூட விலகவில்லை!

தண்ணீர் வடிந்து முடியும்வரை இரண்டு படகும் அந்த ஒரே கயிற்றில் நின்றன. கரையில் எழுந்த கூச்சலில் கொக்குகள் எல்லாம் பறந்துபோயின. ஒன்றரை வருஷமாகத் தான் கொறித்துச் செய்த படகு, தன்னையும் இன்னொருவரையும் காப்பாற்றிவிட்டதே என்று வேலாயிக்குக் கண்ணில் நீர் முட்டியது. பெருமை தாங்கவில்லை அவளுக்கு.

அவள் படகுக்குச் செம்பருத்தி மாலை போட்டார்கள். சிங்காரம் அலைத் தண்ணீர் சொட்டச் சொட்ட வந்து நின்றார்.

"தங்கச்சி, இந்தக் கயிற்றை எந்தக் கடையில வாங்கினே?"

"நீங்க வாங்கின அதே கடையிலதாண்ணே."

"அப்புறம் எப்படி உன்னுது மட்டும் நின்னுச்சு?"

வேலாயி படகிலிருந்த மாலையைக் கழற்றினாள். கரையோரம் ஈர மணலில் பொன்னி தலை நீட்டிய சின்ன வளையைச் சுற்றி வைத்தாள்.

"எங்கே வாங்கினேன்னு கேட்காதீங்க. யாரைக் கேட்டு வாங்கினேன்னு கேளுங்க!"

மேலே நின்று பேசுகிற நூறு பேரை விட்டு, அடியில் இருந்து பார்த்த ஒருவரிடம் கேட்டுக்கொள்பவரே எந்தக் காற்றிலும் நிலைத்து நிற்பார்.