நாலு விரல் இடைவெளி

"வெள்ளையடிச்சாச்சு, ஓடு மாத்தியாச்சு. வீடு வாங்க வாராக, பாக்காக, போயிருதாக. வீட்டுல என்ன குறைன்னு ஒருத்தரும் வாயத் திறக்கமாட்டேங்காக சாமி" என்றார் ஆவுடையப்பன்.

மடத்துச் சாமி அவரைவிட வயதில் சின்னவர். உயரத்தில் மட்டும் பெரியவர்.

"வித்துட்டு எங்க போகப்போறீய, அண்ணாச்சி?"

மதுரைக்கு, மகள் கோமதி வீட்டுக்கு. அதிலும் ஒரு சிக்கல். மனைவி காலமான பிறகு தனிச் சமையலும் தனிச் சாப்பாடும் அவருக்குச் சகிக்கவில்லை. அங்கேயே வந்துவிடட்டுமா என்று கேட்கும்போதெல்லாம், முதலில் வீட்டை விற்று முடியுங்கள், மற்றதைப் பிறகு பேசுவோம் என்று மகள் நழுவினாள். வீடும் போகவில்லை, மகளும் வா என்று சொல்லவில்லை. மனிதர் நொந்துபோயிருந்தார்.

"என்கிட்ட என்ன குறை? கொஞ்சம் சத்தம் போடுவேன். அது ஒண்ணுமில்ல, அனுசரிச்சுப் போனா பழகிரும்."

நாளைக்கு வீடு வாங்குகிறவன் மாதிரி வருகிறேன், எனக்குச் சுற்றிக் காட்டுங்கள் என்றார் சாமி.

சொன்னபடி காலையில் வந்தார். வாசல் நிலை நெற்றியில் நச்சென்று இடித்தது.

"குனிஞ்சு வரணும் சாமி" என்றார் ஆவுடையப்பன், முன்னால் நடந்துகொண்டே.

அடுக்களைக் கதவு அசைவேனா என்றது. லேசாகத் தூக்கித் தள்ள வேண்டுமாம். குழாயைத் திருகினால் தண்ணீர் வரவில்லை. ஊர்க் குழாயெல்லாம் திறக்கும் பக்கம் இது மூடுமாம். மச்சுக்கு ஏறும் படிகளில் ஒன்று மற்றதைவிட உயரம். சாமி தடுக்கிச் சுவரைப் பிடித்தார். ஆவுடையப்பனின் கால் அந்தப் படிக்குத் தானாகவே கூடுதலாகத் தூக்கி வைத்தது.

"அது ஒண்ணுமில்ல சாமி, பழகிரும்."

ஒவ்வொன்றுக்கும் இதையே சொல்லிவிட்டு, புதுப் பூச்சு எவ்வளவு வழவழப்பாக இருக்கிறது பாருங்கள் என்று சுவரைத் தடவிக் காட்டினார். வாங்க வந்தவர்களும் இப்படித்தான் சுவரைப் பார்த்து, நெற்றியைத் தேய்த்துக்கொண்டு போயிருக்க வேண்டும்.

திரும்பிப் போகும்போது அதே நிலை சாமியை மறுபடியும் இடித்தது.

"பெரியவக காரணமாத்தான் தாழ்த்தி வச்சிருக்காக. வீட்டுக்குள்ள வாரவுகளுக்குப் பணிவு வேணும்லா" என்றார் ஆவுடையப்பன், பெருமையாக.

"நீங்க ஒருதரம் நடந்து காட்டுங்க, அண்ணாச்சி."

ஆவுடையப்பன் வெளியே போனார், உள்ளே வந்தார். தலை நிமிர்ந்தபடியே இருந்தது. உச்சிக்கும் நிலைக்கும் நடுவில் தாராளமாக நாலு விரல் இடைவெளி.

"இந்த வீட்டுல வேற யாரெல்லாம் இருந்தாக?"

"அவளும் கோமதியும்தான். கோமதி அவ அம்மைய உரிச்சு வச்சிருக்கா, ரெண்டு பேரும் நல்ல..."

உயரம் என்ற சொல் அவர் வாயிலேயே நின்றுவிட்டது.

சாமி செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிப் போனார்.

ஆவுடையப்பன் கையை உயர்த்தி நிலையைத் தொட்டுப் பார்த்தார். இடுப்பில் குடத்தோடு வந்து இதில் இடித்துக்கொண்டு நின்ற மனைவியை, கண்ணு எங்க போச்சு என்று ஒருநாள் அதட்டியது நினைவுக்கு வந்தது. வெட்கமாக இருந்தது.

பிறகு மகளுக்குப் போன் போட்டார். வீடு விற்றுவிட்டதா என்று கேட்டாள். இல்லை என்றார்.

"கோமதி, நீயும் அம்மையும் எங்கெங்க குனிஞ்சு போனீய? வாசலைக் கேக்கல. என்கிட்ட எங்கெங்கன்னு கேக்கேன்."

வைத்துவிட்டாளோ என்று பயந்து போனைக் காதோடு அழுத்திக்கொண்டார்.

"அப்பா" என்றாள் கடைசியில். "முதல்ல உக்காந்துக்கிடுங்க."