ராஜாவின் மார்பில் காய்த்த மாங்காய்

கொன்றையூர்ச் சீமையை ஒரு காலத்தில் கனகமாறன் என்று ஒரு ராஜா ஆண்டான். நல்லவன்தான், ஆனால் காலையில் ஒரு புத்தி, மாலையில் ஒரு புத்தி. அழகன் என்று யாராவது சொல்லிவிட்டால் அன்றைக்கு முழுக்கக் கண்ணாடியை விட்டு நகரமாட்டான்.

அந்த வருஷம் சித்திரையில் பெரிய ஏரிக்கரை உடைந்தது. "அரசே, தாங்கள் கரையில் வந்து நின்றால் ஜனங்கள் இரண்டு பங்கு வேலை செய்வார்கள்" என்றார் மந்திரி ஆவுடையப்பர். ராஜாவும் போய் நின்றான். சும்மா நின்றானா? மாங்காய் மாலை, தோள்வளை, கடகம், கிரீடம் என்று சகல நகைகளோடும் நின்றான். குடைக்காரன் இடப்பக்கமே நின்றதால் வலப்பக்கம் முழுக்க வெயில். கரை எழும்பியது. ராஜா அரண்மனைக்கு வந்து நகைகளைக் கழற்றினான்.

கண்ணாடியைப் பார்த்தவன் அலறிவிட்டான். இடப்பக்கம் ஏதோ மாநிறம். வலப்பக்கம் அடுப்பில் கிடந்த சட்டி. மார்பில் வரிசையாக வெளுத்த மாங்காய்கள். நெற்றியில் கிரீடம் இருந்த இடம் பட்டையடித்த மாதிரி இருந்தது.

அடுத்த வாரம் முடிநீராட்டு விழா. அந்தச் சீமை வழக்கப்படி ராஜா அன்று பொட்டு நகை இல்லாமல், இடுப்பில் ஒரு வேட்டியோடு ஊர் நடுவே மணையில் உட்கார வேண்டும். ஏரிக்காக அதிகம் பாடுபட்டவர் குளத்தில் முழுகி, ஈரத்துணியோடு வந்து முதல் குடம் ஊற்ற வேண்டும். இந்த வருஷம் அந்த மரியாதை சபைப் பிரமுகர் வல்லபராயருக்கு. "தெற்கு உடைப்பில் வெயிலிலேயே கிடந்தேன் அரசே" என்று அவர் உடம்பெல்லாம் சந்தனம் அப்பிக்கொண்டு வந்து நின்றதைப் பார்த்து ராஜாவே உருகிப்போயிருந்தான். மந்திரி பதவியின்மேல் வெகுநாளாக அவருக்கு ஒரு கண்.

"இந்தக் கோலத்தில் தங்களை நிறுத்தியது யார் யோசனை அரசே? நான் யாரையும் சொல்லவில்லை" என்றார் வல்லபராயர், ஆவுடையப்பரைப் பார்த்துக்கொண்டே.

"மந்திரி, விழாவில் ஒருவன் சிரித்தாலும் உம்முடைய முத்திரை மோதிரம் வல்லபராயருக்கு" என்றான் ராஜா.

ஆவுடையப்பர் விரல் மோதிரத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டார். பேரன் பேத்தி எடுத்த வயதில் பதவி போனால் ஊரில் எப்படித் தலைகாட்டுவது?

வல்லபராயர் வைத்தியம் தொடங்கினார். வெளுப்புக்கு மேல் மஞ்சள், கறுப்புக்கு மேல் கடலைமாவும் தயிரும். அது சரிப்படவில்லை என்று வெளுத்த இடத்தில் கரியும் விளக்கெண்ணெயும். ஒத்திகைக்கு ஒரு செம்பு தண்ணீர் ஊற்றியதும் எல்லாம் கலந்து வழிந்து, ராஜா மழையில் நனைந்த சுவர்போல் உட்கார்ந்திருந்தான். சேடிப்பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு ஓடினார்கள்.

"முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது அரசே. ஒன்றும் பூச வேண்டாம். வழக்கத்தில் ஒரு எழுத்தும் குறையாமல் நடத்த எனக்கு உத்தரவு கொடுங்கள். கரையில் வேலை செய்தவர்கள் முன்வரிசையில் உட்காரட்டும்" என்றார் ஆவுடையப்பர்.

"மோதிரம் ஞாபகம் இருக்கட்டும்" என்றான் ராஜா.

விழா நாளில் ராஜா மணையில் உட்கார்ந்தான். பின்வரிசையில் யாரோ 'களுக்' என்றார்கள். ராஜாவின் கண் மந்திரியின் விரலுக்குப் போனது.

ஆவுடையப்பர் முன்வரிசைப் பக்கம் திரும்பினார். "ராஜா மார்பில் இருப்பது என்னம்மா?"

மண் சுமந்த சடைச்சி எழுந்தாள். "வேலை செஞ்ச தடம்தான் சாமி. வேற என்ன?" கை வளையல்களை மேலே தள்ளிக் காட்டினாள். அடியில் வெளுத்த வளையம். பக்கத்தில் ஒருவன் தலைப்பாகையை அவிழ்த்தான். அவன் நெற்றியிலும் ராஜாவுக்கு இருந்த அதே பட்டை. "எங்க ராசாவும் எங்களோடதான் வெந்தாரு" என்று ஒருவன் சொல்ல, கூட்டம் ஆரவாரித்தது. ராஜா மெல்ல நெஞ்சை நிமிர்த்தினான்.

"முதல் குடத்துக்கு உரியவர் முழுகி வரலாம்" என்றார் ஆவுடையப்பர்.

வல்லபராயர் சந்தனத்தோடு நெளிந்தார். "எனக்குக் கொஞ்சம் ஜலதோஷம். முழுக்கு இல்லாமல்..."

"நான் இந்தக் கோலத்தில் உட்கார்ந்திருக்கிறேன். உமக்கு ஜலதோஷமா? முழுகும்" என்றான் ராஜா.

முழுகினார். சந்தனம் குளத்தோடு போயிற்று. படியேறி வந்தவர் உரித்த பூண்டுபோல் தலைமுதல் கால்வரை ஒரே வெள்ளையாக நின்றார். ஒரு கோடு இல்லை, ஒரு தடம் இல்லை.

"வல்லபராயரே, தெற்கு உடைப்பில் சூரியன் உதிக்கவே இல்லையோ?" என்று கேட்டான் ராஜா.

"வெட்டிவேர்த் தட்டி கட்டுன கூடாரத்துல உதிக்காது ராசா. நாங்கதானே தண்ணி தெளிச்சோம்" என்றாள் சடைச்சி.

ராஜா குடத்தைச் சடைச்சி கையில் கொடுக்கச் சொன்னான். அவள் முழுகிவந்து ஊற்றிய தண்ணீர் மாங்காய்கள்மேல் வழிந்தபோது அவன் முகத்தில் இருந்த பெருமையை அதற்குமுன் எந்தக் கண்ணாடியும் பார்த்ததில்லை.

"மந்திரி, உம் தடம் எங்கே?" என்றான் பிறகு.

ஆவுடையப்பர் வெட்கத்தோடு மேல்துண்டை எடுத்து, தொந்தியை இரண்டு கையாலும் தூக்கி விரித்தார். குனிந்து குனிந்து மண் அள்ளிக் கொடுத்த வயிறு கறுத்திருந்தது; மடிப்புக்குள் மட்டும் வெள்ளை வெளேரென்று கோடுகள். ராஜா மணையிலிருந்து விழுமளவு சிரித்தான்.

"மோதிரம் உம்மிடமே இருக்கட்டும்" என்றான். பிறகு தன் மாங்காய் மாலையை வரவழைத்து வல்லபராயர் கழுத்தில் போட்டான். அவருக்கு முகம் மலர்ந்தது.

"நிழலின் அருமை வெயிலில் தெரியும் என்பார்கள். ஏரியில் தூர் வாரும் வேலை பாக்கி இருக்கிறது. போய் மண் சுமந்துவிட்டு, மார்பில் மாங்காய் காய்த்த பிறகு சபைக்கு வாரும்."