மதிலுக்கு வெளியே விழுந்த புள்ளி

கும்பகோணத்தில் ஜெராக்ஸ் கடை வைத்துப் பிழைத்தவர் மாசிலாமணியார். விடிந்ததும் சிவன் கோயில், கடை ஓய்ந்த நேரமெல்லாம் கணினி. திரையில் தமிழ் எழுத்துகளைச் சரியாகக் காட்டும் ஒரு நிரல் தொகுப்பை அவர் கூலியின்றிப் பராமரித்தார். எத்தனையோ செயலிகள் அதை எடுத்தாண்டன. அதில் பிழை களைவதை உழவாரப் பணியாகவே அவர் கொண்டார்.

ஒருநாள் அதில் ஓட்டை இருப்பதாகச் செய்தி வந்தது. சில சொற்கள், எவை என்று தெரியவில்லை, தமக்கு ஒதுக்கிய நினைவகத்தைத் தாண்டிப் பக்கத்து இடத்தில் விழுகின்றன. அவ்வழியே திருடர் நுழையலாம். வெள்ளிக்கிழமைக்குள் அடைக்காவிட்டால் தன் செயலியிலிருந்து தமிழையே எடுத்துவிடுவதாக ஒரு மருத்துவமனை அறிவித்தது. நோயாளிகள் மருந்துக் குறிப்பை இனி ஆங்கிலத்தில்தான் படிக்க வேண்டும்.

அடியார் சோதித்துச் சோதித்துச் சலித்தார். எதுவும் உடையவில்லை. உடன் தொண்டு செய்த வினோதினி சென்னையிலிருந்து அழைத்தார்.

"என்ன வார்த்தை போட்டுண்ணே டெஸ்ட் பண்றீங்க?"

"நமசிவாய."

"எப்பவுமே அதானா? ஓட்டைய அடைக்கச் சொன்னா அதுக்கு விபூதி பூசிக்கிட்டு இருக்கீங்களேண்ணே!"

"சாமி பேர்ல வராத குத்தம் வேற எதுலம்மா வரப்போவுது?"

வியாழன் மாலை சன்னிதியில் நின்று மனம் வெதும்பினார். "உம்ம பேரப் போட்டா ஒழுங்கா ஓடுது. ஊரார் பேர்ல உடையுதுங்கறாங்க. ஏன்யா என்னை இப்படி இழுத்தடிக்கிறீர்?"

அப்போது ஓதுவார் பதிகத்தை முடித்து, "திருச்சிற்றம்பலம்" என்றார். கூடியிருந்தோர் வழக்கப்படி திருப்பிச் சொன்னார்கள். அடியாரும் சொன்னார், சொன்னவர் திடுக்கிட்டார். இதுவும் அவன் ஆடும் அம்பலத்தின் பெயர்தானே, இதைப் போட்டுப் பார்க்கவில்லையே! கடைக்கு ஓடி அச்சொல்லை இட்டார். நிரல் சுருண்டு விழுந்தது.

நமக்கு 'சி' ஓரெழுத்து. கணினிக்கோ சகரம் ஒரு குறி, அதன் கொக்கி இன்னொரு குறி; 'ம்' என்பதில் மகரம் ஒன்று, புள்ளி ஒன்று. நிரல் நம்மைப் போல எழுத்தை எண்ணி இடம் கேட்டது. கணினி எட்டெட்டாகத்தான் இடம் தரும். ஆகவே ஐந்தெழுத்தின் ஏழு குறிகளும் எட்டுக்குள் அடங்கிக் குற்றத்தை மறைத்தன. திருச்சிற்றம்பலம் பத்தெழுத்து, கிடைத்த இடம் பதினாறு, வந்த குறிகளோ பதினேழு. கடைசிப் புள்ளி மதிலுக்கு வெளியே விழுந்தது.

எழுத்தை விட்டுக் குறியை எண்ணுமாறு ஒரே வரியைத் திருத்தி அன்றிரவே வெளியிட்டார். "எங்கிருந்துண்ணே பிடிச்சீங்க இந்த வார்த்தைய?" என்று வினோதினி வியந்தார். "அவரே எடுத்துக் குடுத்தாரும்மா" என்றார் அடியார்.

மறுநாள் காலை குருக்கள் சுவாமிமேல் கிடந்த மாலையைக் கழற்றி அவர் கழுத்தில் போட்டார். "ஏன்னு தெரியலை ஓய், உமக்குப் போடணும்னு தோணித்து."

அன்றும் நோயாளிகள் தம் மருந்தின் பெயரைத் தமிழிலேயே படித்தார்கள். மாசிலாமணியாரை அவர்கள் அறியார்; அறிய வேண்டியவன் அறிந்தான். பிழையோடு மல்லாடியும் பணியைக் கைவிடாத அந்தப் பொறுமைக்கு நம் வணக்கம்.