காலி செய்துவிட்டுப் போனவனின் வீட்டுக் கடன்

தீர்ப்புச் சொல்ல அவசரப்படுகிறவர்கள் இப்போதே எழுந்து போகலாம். பொறுமையாகக் கேட்கிறவர்களுக்குத்தான் இந்த வழக்கு.

திருச்சி பாலக்கரையில் தண்டபாணி என்றொரு பெயின்டிங் கான்ட்ராக்டர். ஊரார் வீட்டுக்கெல்லாம் வர்ணம் அடித்தவன், குடியிருந்தது வாடகை வீட்டில். ஒருவழியாக ஒரு சின்ன வீடு விலை படிந்து வந்தது. மனைவி கோமதியின் நகையை விற்று அட்வான்ஸ் கொடுத்தார்கள். மாதக் கடைசிக்குள் கிரயம் முடிக்காவிட்டால் அட்வான்ஸ் திரும்பி வராது. மீதித் தொகைக்கு வங்கிக் கடன்தான் கதி.

வங்கியில் சம்பளச் சீட்டு கேட்டார்கள். சொந்தத் தொழில் செய்கிறவனுக்கு எவன் சம்பளச் சீட்டு கொடுப்பான்? வருமான வரிக் கணக்கைக் காட்டினான். ஆபீஸ் எங்கே என்றார்கள். எந்த வீட்டில் சாரம் கட்டியிருக்கிறானோ அதுதான் அவன் ஆபீஸ். "சரி, குடியிருக்கிற இடத்துல விசாரிக்க ஆள் வருவார்" என்றார் மேலாளர்.

அன்றிலிருந்து தண்டபாணிக்கு இருப்புக் கொள்ளவில்லை. சாரத்தில் நின்றபடியே போனை எடுத்துப் பார்ப்பான். அடித்த இடத்திலேயே திரும்பத் திரும்ப அடிப்பான். வீட்டுக்கு வந்தால் வாசலுக்கும் அடுப்படிக்கும் நடை. "கொஞ்சம் உட்காருங்களேன், பார்க்கிற எனக்கே தலை சுத்துது" என்பாள் கோமதி.

கடைசியில் வங்கியிலிருந்து போன் வந்தது. கடன் இல்லை. அடித்துப் பிடித்து ஓடினான்.

"எங்க ஆள் வந்தப்ப உங்க வீடு பூட்டியிருந்துச்சு. பக்கத்து வீட்டம்மாகிட்ட கேட்டிருக்கார். நீங்க காலி பண்ணிட்டுப் போய் ஆறு மாசம் ஆச்சுன்னு சொல்லியிருக்காங்க" என்றார் மேலாளர்.

பக்கத்து வீட்டில் இட்லி மாவு விற்கும் ஃபிலோமினா அக்கா, ஒருத்தருக்கும் கெடுதல் நினைக்காதவள். தண்டபாணி போய்க் கேட்டதும் அவள் முகம் செத்துப்போயிற்று. "வண்டி டியூ கேட்டு வந்த ஆளுன்னு நினைச்சிட்டேன் தம்பி. யாரு கேட்டாலும் காலி பண்ணிட்டோம்னு சொல்லுங்கன்னு நீதானே சொன்ன?"

சொன்னவன் அவன்தான். ஒரு மழைக்காலத்தில் வேலையே இல்லாமல் வண்டி வாங்கிய கடனுக்கு டியூ கட்டத் தவறியபோது, பைனான்ஸ்காரர்களுக்குப் பயந்து சொல்லி வைத்தது. பிறகு கடனை அடைத்தான். இனிமேல் பொய் சொல்ல வேண்டாம் என்று அக்காவிடம் சொல்ல மட்டும் மறந்துவிட்டான், பாவி மனுஷன்.

மேலாளரும் இரக்கமில்லாதவர் அல்ல. அங்கேதான் குடியிருக்கிறேன் என்று மறுபடி வந்து நின்றவனுக்கு ஒரு வழி காட்டினார். "முன்விரோதத்துல பொய் சொல்லிட்டாங்கன்னு எழுதிக் குடுங்க. வேற ஆளை அனுப்பறேன். நாளைக்குள்ள வேணும்."

"எழுதிக் குடுத்துடுங்க. அக்கா அதைப் படிக்கவா போறாங்க? வித்தது என் நகைங்க" என்று கோமதி அழுதாள்.

விஷயம் தெரிந்து ஃபிலோமினாவே வந்துவிட்டாள். "எழுது தம்பி. பொய் சொன்னது நான்தானே. அதுக்காக என் மாவு விக்காமலா போயிடும்?"

தண்டபாணி தெருத்தெருவாக நடந்தான். மறுநாள் எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்தான்: டியூ கட்ட முடியாத காலத்தில் நான் சொல்லிக் கொடுத்ததைத்தான் அந்த அம்மா சொன்னார், அவர்மேல் தப்பில்லை.

மேலாளர் படித்துவிட்டு நிமிர்ந்தார். "டியூ தவறினதையெல்லாம் எழுதியிருக்கீங்க. இதை வச்சா கடன் கிடைக்காது. திருப்பித் தரட்டுமா?"

"வச்சுக்குங்க சார்."

எழுதச் சொன்ன கோமதி, தன் பேரையே தூக்கிக் கொடுத்த ஃபிலோமினா, அதை வாங்க மறுத்த தண்டபாணி. இதில் யார் செய்தது சரி?

விடை: கோமதியைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது, போனது அவள் நகை. ஃபிலோமினாவின் மனசு பெரிய மனசு. ஆனால் அந்தப் பொய்க்குச் சொந்தக்காரன் தண்டபாணி. அதை அடுத்தவள் தலையில் கட்ட, அவளே சம்மதித்தாலும் அவனுக்கு உரிமையில்லை. ஆகவே அவன் செய்ததுதான் சரி. அப்படியானால் வீடு கிடைத்ததா என்று கேட்பீர்கள். கிடைக்கவில்லை, அட்வான்ஸும் போயிற்று. அந்த வீட்டை வாங்கியவர் பெயின்ட் அடிக்க அவனைத்தான் கூப்பிட்டார். போனான், குறை சொல்ல முடியாதபடி அடித்துக் கொடுத்தான். கோமதி மட்டும் இன்றுவரை அந்தத் தெரு வழியாகப் போவதில்லை.