நிழலில்லாத தொட்டி

"இறால் செத்துப்போச்சு டீச்சர்," என்றார் நல்லபெருமாள்.

சட்டைப் பையிலிருந்து ஒரு ஃபிலிம் ரோல் டப்பாவை எடுத்து மேசைமேல் வைத்தார். மூடியைத் திறக்க அவருக்கு மனம் வரவில்லை.

மெட்டில்டா எந்தப் பள்ளிக்கூடத்திலும் வேலை பார்த்தவள் அல்ல. தூத்துக்குடியில் வீட்டுக்குள் கடல்நீர்த் தொட்டி வைக்க ஆசைப்பட்டவர்கள் அவளிடம் வந்து கேட்டுப் போனார்கள். போகும்போது அவளை டீச்சர் என்றார்கள். நல்லபெருமாள் அவளைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர். ஊரில் பாதிப் பேருடைய கல்யாணப் படம் அவர் ஸ்டுடியோவில் எடுத்தது. மெட்டில்டாவின் படமும் அங்கே எடுத்ததுதான்.

அந்தப் படத்தில் அவள் மூக்குக்கு நிழலே கிடையாது.

எங்கே கிடந்தது என்று கேட்டாள். காலையில் மணல்மேல் கிடந்தது, காலும் மீசையும் அப்படியே இருந்தன, நண்டு வாய் வைப்பதற்குள் எடுத்துவிட்டேன் என்றார்.

வீட்டில் இன்னும் சொல்லவில்லை. அவருக்குப் பயமெல்லாம் அதுதான்.

அவர் மனைவி ஆவுடைக்கு வைத்தியம் முடிந்து சில மாதங்கள் ஆகியிருந்தன. நோய் போய்விட்டது என்று டாக்டர் சொன்னார். முடியும் போயிருந்தது. தலையில் துணியைச் சுற்றிக்கொண்டு சுவரைப் பார்த்துப் படுத்தவள், யார் வந்தாலும் திரும்பவில்லை. பார்க்க வந்தவர்கள் அவளுடைய முதுகிடம் நலம் விசாரித்துவிட்டுப் போனார்கள். கடல் சத்தத்தில் வளர்ந்தவள், தண்ணீரைக் கண்டால் திரும்புவாள் என்று நினைத்துத்தான் அவள் அறையிலேயே தொட்டியை வைத்தார்.

முதலில் அவர் கேட்டது கடற்சாமந்தி. பாறையில் ஒட்டிக்கொண்டு பூவைப்போல விரிந்து ஆடுமே, அது. மெட்டில்டா தரமாட்டேன் என்றாள். புதுத் தண்ணீரில் அது நிற்காது, தொட்டிக்கு ஒரு வயசாவது ஆகட்டும் என்றாள். காலிச் சங்கில் குடியிருக்கும் சங்கு நண்டு, பாசி மேய்கிற நத்தை, ஒரே ஒரு துப்புரவு இறால். முதல் தொட்டிக்கு இவை போதும். இவை எதுவும் வெளிச்சத்தைத் தின்று வாழ்பவை அல்ல. நீலமும் வெள்ளையும் கலந்த சின்ன விளக்கு ஒன்று, பள்ளிக்கூட நேரத்துக்கு எரிந்தால் போதும்.

அவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டுப் போனார்.

இறாலுக்குச் சிவந்த முதுகு, நடுவே வெள்ளைக் கோடு, உடம்பைவிட நீளமான வெள்ளை மீசை. கடலில் மீனின் மேல் ஏறி அழுக்கைத் தின்னும். கையை விட்டால் கையிலும் ஏறும். ஒருநாள் அவருடைய நகக்கண்களை ஒவ்வொன்றாக அது சுத்தம் செய்துகொண்டிருந்தபோது, பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

"ஓசியில நகம் வெட்ட ஆள் பிடிச்சிட்டீங்க."

சொல்லிவிட்டு ஆவுடை சிரித்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அவள் சிரித்தது அந்த ஒரு தரம்.

அப்புறம் இறால் கண்ணில் படுவது குறைந்தது. பிறகு படவே இல்லை. அது எங்கே என்று ஆவுடை கேட்டாள். தூங்குகிறது என்றார். மறுபடி கேட்டாள், அதையே சொன்னார். பிறகு அவள் கேட்கவில்லை. சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"அதுவும் போயிட்டுன்னு எந்த வாயால அவகிட்ட சொல்ல?" என்றார் இப்போது.

மெட்டில்டா டப்பாவைத் திறந்தாள். உள்ளே இருந்ததை இரண்டு விரலால் எடுத்து ஜன்னலுக்கு எதிரே தூக்கிப் பிடித்தாள்.

"நெகட்டிவ் பாக்கத் தெரியும்லா? பாருங்க அண்ணாச்சி."

அவர் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். கால்கள் இருந்தன. கண்கள் இருந்த இடத்தில் கண்ணாடிபோல இரண்டு குமிழ்கள். முதுகின் வழியாக ஜன்னல் கம்பி தெரிந்தது.

உள்ளே ஒன்றுமில்லை.

"நான் பாக்குமுன்ன நண்டு தின்னிருக்கும்."

"சட்டையக் கிழிக்காமயா?"

கொஞ்ச நேரம் பிடித்தது அவருக்கு.

"உரிச்சுப் போட்டிருக்கா?"

"வளருதுல்லா."

நல்லபெருமாள் நாற்காலியில் உட்கார்ந்தார். தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி போட்டுக்கொண்டதும் அடுத்த கவலை வந்துவிட்டது.

"அப்ப அது எங்க?"

மெட்டில்டா செருப்பை மாட்டிக்கொண்டாள்.

ஆவுடையின் அறைக்குள் நுழைந்ததும் அவளுக்குக் கண் கூசியது.

தொட்டிக்கு நேர் மேலே ஒரு விளக்கு. இடப்பக்கம் ஸ்டாண்டில் ஒன்று. பின்னால் ஒன்று. கற்களை ஒன்றையொன்று மறைக்காதபடி மணலில் பரப்பி வைத்திருந்தார், குரூப் போட்டோவுக்கு ஆட்களை நிறுத்துவதுபோல. மூலையில் பம்பு நின்ற இடம் தவிர, தொட்டியில் தெரியாத இடம் என்று ஒன்று இல்லை. அத்தனை வெளிச்சத்தையும் குடித்துவிட்டுக் கண்ணாடியெல்லாம் பாசி தாடி வளர்த்திருந்தது.

பகல்தான். ஆனால் ஜன்னல் சாத்தியிருந்தது, சுவரில் ட்யூப்லைட்டும் எரிந்துகொண்டிருந்தது. கட்டிலில் ஆவுடை போர்வைக்குள், சுவரைப் பார்த்தபடி.

"இதுல நிழல் எங்க அண்ணாச்சி?"

"நாப்பது வருசமா நிழல் விழாம படம் எடுத்தவன் டீச்சர்." கொஞ்சம் பெருமையாகவே சொன்னார்.

"தெரியும். என் மூக்கே சாட்சி."

கட்டிலில் போர்வை லேசாக அசைந்தது.

மெட்டில்டா மூன்று விளக்குகளையும் அணைத்தாள். முழங்கைவரை கையை விட்டு, கற்களை ஒன்றன்மேல் ஒன்று சாய்த்து ஒரு பொந்து கட்டினாள். டப்பாவில் இருந்த தோலை அதன் வாசலில் போட்டாள். அவர் பதறினார். இறால் தன் பழைய சட்டையைத் தானே தின்னும், புதுச் சட்டை கெட்டியாக அதில் சுண்ணாம்பு இருக்கிறது, அதைப் போய் எடுத்துக்கொண்டு வந்துவிட்டீர்களே என்று சொன்னாள்.

இருவரும் தரையில் உட்கார்ந்தார்கள்.

தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு சங்கு நண்டு எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போயிற்று. இறால் வரவில்லை.

நல்லபெருமாள் செல்போனை எடுத்து டார்ச்சைப் போட்டார். மெட்டில்டா அவர் மணிக்கட்டைப் பிடித்துக் கீழே இறக்கினாள்.

"புதுத் தோலு, அண்ணாச்சி. நனஞ்ச காகிதம் மாதிரி இருக்கும். கெட்டியாகற வரைக்கும் யார் கண்ணுலயும் படாது."

"நான் பாத்தாத்தான டீச்சர் இருக்கான்னு தெரியும்?"

"உங்களுக்குத் தெரியும். அதுக்கு எப்படி இருக்கும்?"

அவர் டார்ச்சை அணைத்தார்.

அவள் பார்வை சுவரில் எரிந்த ட்யூப்லைட்டுக்குப் போயிற்று. அவரும் பார்த்தார்.

"அது தொட்டிக்கு இல்ல," என்றார், குரலைத் தணித்துக்கொண்டு. "ராத்திரியும் எரியும். முழிப்பு வரும்போதெல்லாம் பாக்கணும்லா. அவ மூச்சு வருதான்னு…"



மெட்டில்டா தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் விளக்கைப் பார்த்தார். தொட்டியைப் பார்த்தார். கட்டிலைப் பார்க்கப் போனவர் பாதியில் நின்றார்.

எழுந்துபோய் சுவிட்சை அணைத்தார்.

ஜன்னல் இடுக்கில் ஒரு கோடு பகல் மட்டும் மிஞ்சியது. அறை சாம்பல் நிறமாயிற்று. படம் கழுவிய காலத்தில் இருட்டில் நின்று காத்திருந்து பழகியவர் அவர். வெள்ளைத் தாளில் முகம் தானாக வரும்வரை கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். அது எப்படி மறந்துபோயிற்று என்று நினைத்துக்கொண்டார்.

பம்புக்குப் பின்னாலிருந்து வெள்ளையாக ஒரு நூல் நீண்டது.

பிறகு இன்னொன்று.

நல்லபெருமாள் மூச்சை அடக்கிக்கொண்டார்.

பின்னால் கட்டில் முனகியது. போர்வை விலகியது. தரையில் ஏதோ மெல்ல விழுந்தது, ஒரு தலைத்துணி விழுகிற அளவு சத்தம்.

"மீசை ஒண்ணுகூடக் கொட்டலியே," என்றாள் ஆவுடை.

குரல் சுவர்ப்பக்கமிருந்து வரவில்லை.

அவர் திரும்பிப் பார்க்கவில்லை.