காது கொடுத்த கணவன்

முன்னொரு காலத்தில், கேள்வி கேட்டுக் கேட்டே சலித்துப்போன ராஜா ஒருவர் இருந்தார். அன்று காலை அவர் முன்னால் இரண்டு ஆண்டியப்பன்கள் நின்றார்கள். ஒருவன் வெளியூருக்கு உப்பு விற்கப் போய், நேற்றுத்தான் திரும்பியவன். மற்றவன், அவன் இல்லாத நேரம் பார்த்து அவன் உருவத்தில் வீட்டுக்குள் புகுந்துகொண்ட புளியமரத்துப் பேய். வாசலில் இருவரும் கட்டிப் புரண்டதில் எவன் எவன் என்று யாருக்கும் தெரியாமல் போயிற்று. மாமியாருக்கு எந்தப் பல் இல்லை என்று கேட்டால்கூட இருவரும் சரியாகச் சொன்னார்கள்.

"போதும்! இனி இவர்களிடம் ஒருவரும் ஒரு கேள்வியும் கேட்கக்கூடாது. கேட்காமலே கண்டுபிடியுங்கள்!" என்றார் ராஜா.

அமைச்சர் அனந்தமூர்த்தியார் இதற்காகவே காத்திருந்தவர்போல எழுந்தார். "மன்னர் பெருமானே, இது நம் விகடகவி வயிரவனால் மட்டுமே ஆகும். தவறினால் அவரை நாட்டைவிட்டே அனுப்பிவிடலாம்."

"அப்படியே ஆகட்டும்."

வயிரவன் சபையைச் சுற்றிப் பார்த்தான். தூணோரம் அழுதுகொண்டிருந்த ஆண்டியப்பன் மனைவி உண்ணாமலையிடம் போனான். அவளிடம் கேட்கக்கூடாது என்று யாரும் சொல்லவில்லையே!

"அழாதே தாயே. இத்தனை நாள் வீட்டில் இருந்தவன் எப்படிப்பட்டவன்?"

"சொன்ன சொல்லைத் தட்டாத மனுசன் சாமி. சந்தைக்குப் போறப்ப, 'வீட்டைப் பாத்துக்கங்க'ன்னு சொன்னேன். திரும்பி வந்தா, தெருவுல நின்னு கண்ணு சிமிட்டாம வீட்டையே பாத்துக்கிட்டு நிக்கிறாரு! உள்ள நாய் சோத்துப்பானையை உருட்டுது. கேட்டா, 'பாக்கத்தானே சொன்னே'ங்கிறாரு."

"அதற்கு முன்பு?"

"அவரு எதையும் காதுலயே வாங்கமாட்டாரு. இப்ப நான் யாரு கூட வீட்டுக்குப் போறது சாமி?"

வயிரவன் முகம் மலர்ந்தது. சபை நடுவே வந்து நின்றான்.

"மன்னா! இந்த அம்மாள் இப்போது பேசப்போகிறாள். அவள் சொல்வதை எவன் காது கொடுத்துக் கேட்கிறானோ, வீடு அவனுக்கே!"

அமைச்சர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

உண்ணாமலை மூக்கைத் துடைத்துக்கொண்டு, "கூரை ஒழுவுது. ஓலை மாத்தணும்..." என்று தொடங்கினாள்.

ஓர் ஆண்டியப்பன் விட்டத்தைப் பார்த்துக் கொட்டாவி விட்டான். மற்றவன் பாய்ந்து வந்தான். வலது காதைத் திருகிப் பிடுங்கி அவள் உள்ளங்கையில் வைத்தான்.

"இந்தா உண்ணாமலை, காது குடுத்துட்டேன். சொல்லு. இன்னொண்ணும் வேணுமா?"

அவள் வீலென்று அலறிக் காதை வீசி எறிந்தாள். அது அமைச்சர் மடியில் போய் விழுந்தது. அவர் சிம்மாசனத்துக்குப் பின்னால் ஓடினார்.

"பேயே, தொலைந்து போ!" என்று கத்தினார் ராஜா.

"உத்தரவு!" என்றது பேய். சொன்னபடியே போய்த் தொலைந்தது. அதன் புளியமரத்துக்குக்கூட அது வழி கண்டுபிடித்து வரவில்லை.

உண்ணாமலை கையைச் சேலையில் துடைத்துக்கொண்டாள். மிச்சமிருந்தவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"ஏங்க, நான் இப்ப என்ன சொன்னேன்?"

"எப்ப சொன்னே?" என்றான் ஆண்டியப்பன்.

"இவரேதான் சாமி! சந்தேகமே இல்ல!" என்று அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

ராஜா கிரீடம் நழுவும்வரை சிரித்தார். முத்துமாலை வயிரவன் கழுத்தில் விழுந்தது. உண்ணாமலை வீட்டுக் கூரை வேயும் வேலை அமைச்சர் தலையில் விழுந்தது.